எட்டு மணி மழை

அத்தியாயம் 11

மோனிஷா கல்யாணமாகிப் பெருமாட்டிக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் அவள் அப்பா நல்லமுத்து அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் தினமும் காலையில் அவரிடமிருந்து ஓர் எண் மட்டும் அவளுக்கு வந்து சேர்ந்துவிடும். பத்து வாரமாக நம்மோடு வருகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இன்றைக்குத்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நல்லமுத்து உடும்பஞ்சோலைக்கு மேலே மேல்பாறை எஸ்டேட்டில் மழை அளக்கிறவர். முப்பத்து மூன்று வருஷமாக, தினமும் காலை எட்டு மணிக்கு, பழைய ஆபீசுக்குப் பின்னால் சரிவில் நிற்கும் மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்ப்பார். இஞ்சும் சென்ட்டுமாகத்தான் கணக்கு. இங்கே சென்ட் என்றால் நிலமில்லை, ஒரு இஞ்சை நூறாகப் பங்கிட்டால் அதில் ஒன்று. அவர் ரிட்டயர் ஆன பிறகும் இந்த வேலையை மட்டும் அவரிடமிருந்து வாங்க எஸ்டேட்காரர்களுக்கு மனசு வரவில்லை. அவரும் கொடுப்பதாக இல்லை.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பெருமாட்டி விவசாயக் குடும்பத்துப் பூபதிராஜாவை விரும்பினாள். "மலையை விட்டு இறங்குறவ இறங்கட்டும்" என்று சொன்னதுதான் அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த கடைசி வார்த்தை. அம்மா அழகுத்தாய்க்கு மட்டும் மகளோடு பேசாமல் இருக்க முடியாது. அதனால் தினமும் எட்டேகாலுக்குக் கூப்பிட்டு, வேறெதையும் சொல்வதற்கு முன்னால் அன்றைய மழையைச் சொல்லுவாள். அப்பா உயிரோடு, நல்லபடியாக, எழுந்து நடமாடுகிறார் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

அன்றைக்கு வியாழக்கிழமை.

"ஏத்தா, இன்னைக்கு அஞ்சு இஞ்சு இருவது சென்ட்டு" என்றாள் அழகுத்தாய்.

"அஞ்சா? நேத்து நாலு நாப்பதுதானம்மா?"

"ஆமா. முந்தாநாளு மூணு அறுவது. ஏறிக்கிட்டே போகுது. உங்கப்பா மொகமே சரியில்ல. ஆனா ஆப்புல மஞ்சள்தான் காட்டுதாம். மஞ்சள்னா சூதானமா இருந்தாப் போதும், எங்கயும் போக வேணாம்னு அப்பாதான் லயத்து வீடு பூரா சொல்லிட்டு வந்தாக."

"எந்த ஆப்பும்மா?"

"அதென்னமோ கோகுல்நாத்துன்னு நெடுங்கண்டத்துத் தம்பி ஒண்ணு போன மாசம் கொண்டாந்து குடுத்துச்சு. அப்பா அளந்து மெசேஜ் அனுப்பினா, அதுவே கணக்குப் போட்டுக் கலரு காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்புன்னா மண்ணு சரியலாம்னு அர்த்தம். சங்கு ஊதும், எல்லாரு போனும் அடிக்கும், சனம் போயி ஒதுங்க மேனேஜரு ஃபேக்டரியத் தொறந்து விட்டே ஆகணும்."

நல்லதுதான் என்று மோனிஷா நினைத்துக்கொண்டாள். வெளியே ஆடிக்காற்று தென்னந்தோப்பைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. பெருமாட்டியில் ஒரு தூறல்கூட இல்லை. தெற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் மட்டும் நின்றது.

பதினொன்றரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்தாள். சம்பளம் கொடுக்கும் கம்பெனி வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவளுடைய சொந்த வேலைக்கு. அதுதான் 'தூறல்'.

ஜாவாவில் நிரல் எழுதுகிறவர்களுக்குச் சில சின்ன வேலைகள் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் அதை ஒரு தடவை நன்றாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். ஊர்ப் பொதுவில் வாங்கி வைத்த அண்டா மாதிரி. யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறது என்று அண்டாவுக்கும் தெரியாது, வாங்கி வைத்தவருக்கும் தெரியாது. மோனிஷா வைத்தது மழைக்கான லைப்ரரி. இஞ்சை மில்லிமீட்டராக்கும், விட்டுப்போன நாட்களைப் பார்த்துக்கொள்ளும், கடைசி மூன்று நாள் மழையைக் கூட்டிக் கொடுக்கும். அவ்வளவுதான். அப்பாவோடு பேச முடியாத முதல் வருஷத்தில், அழுவதற்குப் பதிலாக அவள் எழுதியது அது.

அன்றைக்கு அவளுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. கண்ணை விரித்துப் படித்தாள்.

'மதிப்பிற்குரிய மோனிஷா மேடம், உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் தூறல் லைப்ரரி இல்லாவிட்டால் எங்கள் ஆப் இந்த மழைக்கு முன்னால் தயாராகியிருக்காது. இப்போது பதினான்கு லயங்களில் ஓடுகிறது. மூன்று நாள் மழை பன்னிரண்டு இஞ்சைத் தாண்டினால் சிவப்பு. இத்தனை குடும்பங்களின் சார்பில் நன்றி. கோகுல்நாத், நெடுங்கண்டம்.'

கீழே பதினான்கு இடங்களின் பெயர்களும் போன் எண்களும். நான்காவது, மேல்பாறை.

"என்னம்மிணி, மொகம் இந்தப் பிரகாசம் பிரகாசிக்குது?" என்றபடி மாமியார் பழனாத்தாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் எழுதினதை மழை எச்சரிக்கைக்கு எடுத்திருக்காங்க அத்தை. எங்க எஸ்டேட்லயே ஓடுது. அப்பா தினமும் அதுலதான் மெசேஜ் அனுப்பறாராம். என்னோடதுன்னு அவருக்குத் தெரியாது."

"கூலியில்லாத வேலைன்னு நானே எத்தன நாளு வஞ்சிருக்கறன்! இருந்துட்டுப் போவுது போ. நாலு உசுருக்கு ஆகுதில்ல?" பழனாத்தாளுக்கு உள்ளூரப் பெருமைதான். "ஏனுங்க, கேட்டீங்ளா!" என்று தோப்பிலிருந்த புருஷனுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

மோனிஷா சிரித்துக்கொண்டே காப்பியை எடுத்தாள். கை பாதியில் நின்றது.

மூன்று அறுபது. நான்கு நாற்பது. ஐந்து இருபது.

மனசுக்குள் கூட்டினாள். பதின்மூன்று இஞ்சு இருபது சென்ட். பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் காலையிலேயே சிவப்பு வந்திருக்க வேண்டும். அம்மா ஏன் மஞ்சள் என்றாள்?

மெயிலில் இருந்த இணைப்பைத் திறந்தாள். மேல்பாறை. மூன்று நாள் மழை: ஒன்பது இஞ்சு அறுபது சென்ட். பக்கத்தில் சாதுவான ஒரு மஞ்சள் வட்டம்.

மூன்று அறுபதைக் காணோம். ஒரு முழு நாள் மழையைக் காணோம்.

அவளுக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மழைமானி ஜாடியில் இருப்பது புதன்கிழமை பெய்த மழை. அதனால் மேல்பாறையில் அதைப் புதன்கிழமைக் கட்டத்தில்தான் எழுதுவார்கள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். வேறு பல இடங்களில் அளந்த நாளின் கட்டத்திலேயே எழுதுவார்கள் என்பது மோனிஷாவுக்கு இருபத்தைந்து வயது வரை தெரியாது. இன்னொன்று, மழை இல்லாத நாளுக்கு நல்லமுத்து சைபர் போட மாட்டார். கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். காலி என்றால் வெயில் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்த பெண், லைப்ரரியையும் அப்படியே எழுதினாள். எட்டு மணி அளவு முந்தின நாளுக்குப் போகும். காலிக் கட்டம் என்றால் மழை இல்லை.

'இன்றோடு மூன்று நாள்' என்று கோகுல்நாத்தின் ஆப் கேட்கிறது. செவ்வாய், புதன், வியாழன். செவ்வாயில் நாலு நாற்பது, புதனில் ஐந்து இருபது. வியாழன் கட்டம் காலி, நாளைக் காலைதான் நிறையும். காலி என்றால் வெயில் என்று தூறல் நினைத்துக்கொள்கிறது. மூன்று நாள் என்ற பெயரில் என்றைக்கும் இரண்டு நாள் மழைதான் கூடிக்கொண்டிருந்தது.

இதை லைப்ரரியோடு வைத்த விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் கோகுல்நாத் நேற்றோடு மூன்று நாள் என்று கேட்டிருப்பான். அவள் எழுதியிருந்தது, 'கொடுத்த நாளோடு முடியும் மூன்று நாள் மழையைத் தரும்.' ஒரே வரி. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது என்றுகூட அவள் நினைக்கவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருத்தி கேட்கவும் கேட்டாள். புஷ்பமேரி என்று யாரோ ஒரு கல்லூரி ஆசிரியை. 'மூன்று நாள் கேட்டால் இரண்டு நாள் கூட்டுத்தொகைதான் வருகிறது, தப்பு என்னுடையதா, லைப்ரரியுடையதா?' என்று பணிவாகத்தான் கேட்டிருந்தாள். மோனிஷாவுக்கு அன்றைக்குக் கம்பெனி வேலை கழுத்து மட்டும். 'சரியாகத்தான் வேலை செய்கிறது, குறிப்பைப் படிக்கவும்' என்று பதில் போட்டுக் கேள்வியை மூடிவிட்டாள். அந்தக் குறிப்பில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கோகுல்நாத்தின் எண் மெயிலிலேயே இருந்தது. போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். எட்டுத் தடவை போட்டாள்.

பூபதிராஜா மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டான்.

"உன்ற லைப்ரரிதானே மோனி? இப்பவே திருத்திப் போட்ரு."

"போட்டுட்டேங்க. பத்து நிமிஷம்கூட ஆகலை. போட்டு என்ன பண்ண? ஒரு தடவை வெளியிட்டது வெளியிட்டதுதான், அதை மாத்த முடியாது. திருத்தினது புதுசா வேற ஒண்ணாத்தான் வரும். அவங்க ஆப் பழசைத்தான் உள்ளே வச்சிருக்கு. அந்தக் கோகுல்நாத் உக்காந்து புதுசை எடுத்து வச்சாத்தான் மாறும். அவன் போனே கெடைக்கலை."

"மேனேஜருக்குப் பேசுனா?"

"எடுக்கலைங்க. அவர் எடுத்தாலும், யாரோ ஒருத்தி பாலக்காட்டிலிருந்து சொல்றான்னு ஃபேக்டரியைத் திறப்பாரா?"

"கார எடுத்துட்டுப் போயரலாமா?"

"பொள்ளாச்சி, உடுமலை, தேனி, போடின்னு சுத்திப் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆகும். மண்ணு அதுவரைக்கும் பொறுக்குமா?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. மேல்பாறை லயம் சரிவுக்குக் கீழே ஒட்டிக் கட்டியது. நாற்பது வீடு. அதில் ஏழாவது வீட்டில்தான் அவள் பிறந்தாள்.

இத்தனை நேரம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமனார் சென்னிமலை தொண்டையைச் செருமினார். அவர் மருமகளோடு பேசுவது வாரத்துக்கு நாலு வார்த்தை. கோபமெல்லாம் இல்லை, சுபாவம்.

"உங்கப்பனுக்குப் போடு அம்மிணி."

"அவர் பேச மாட்டார் மாமா."

"பேசாட்டிப் போறாரு. கேக்கறதுக்குக் காது இருக்குதல்லோ?"

மணி பன்னிரண்டு நாற்பது. அழகுத்தாய் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். குழந்தைகள் அழுகை, பாத்திரம் உருளும் சத்தம். இவை எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரையில் மழை.

"அம்மா, அங்க என்ன சத்தம்?"

"கீழ் டிவிசன் ஆளுகத்தா. ஆத்துல தண்ணி ஏறிருச்சுன்னு அந்தக் கோகுல்நாத்துத் தம்பி அம்பது அறுவது பேரை இங்க ஏத்திவிட்டிருக்கு. இங்க மஞ்சள்தானே, பாதகமில்லன்னு. நம்ம வீட்டுலயே பதினோரு பேரு."

மோனிஷா கத்தாத குறையாகப் பேசினாள்.

"அம்மா, நல்லாக் கேளு. அந்த ஆப்புக்கு உள்ள இருக்கிற மழைக் கணக்கு நான் எழுதினது. அதுல தப்பு இருக்கு. ஒரு நாள் மழையை விட்டுட்டுக் கூட்டுது. இப்ப அங்க மஞ்சள் இல்ல, சிவப்பு. காலையிலேருந்தே சிவப்பு. எல்லாரையும் கெளப்பணும். அப்பா இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு."

மழைச் சத்தத்துக்கு நடுவில், தூரத்தில் அந்தக் குரல். நாலு வருஷத்துக்குப் பிறகு.

"எந்தக் கட்டத்துல எழுதுதுன்னு கேளு அவளை."

"எந்தக் கட்டத்துலத்தா..." என்று அழகுத்தாய் ஆரம்பித்தாள்.

"கேட்டுச்சும்மா. எட்டு மணி அளவை முந்தின நாள் கட்டத்துல எழுதுது. காலின்னா மழை இல்லைன்னு வச்சுக்குது."

"அப்ப நான் எழுதுற மாதிரிதானே எழுதியிருக்கா?" அப்பாவின் குரல் கிட்டே வந்தது. "முப்பத்து மூணு வருசமா அப்படித்தான் எழுதுறேன். அதுல என்ன தப்புன்னு கேளு."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை பிசகினால் அவர் போனை வைத்துவிடுவார் என்று மோனிஷாவுக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்தான்.

"நீங்க எழுதுறதுல தப்பே இல்லப்பா" என்றாள். அம்மாவிடம் இல்லை, நேரே அவரிடமே. "நோட்டைத் தொறந்தா உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் எழுதி வச்சிருக்கணும். எழுதாம விட்டது நான். ஊரு பூரா எடுத்துக்கோங்கன்னு வச்சிட்டு, எப்படி எடுக்கணும்னு சொல்லாம விட்டது நான்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"மூணு நாளும் கூட்டினா பதிமூணு இருவது" என்றார் நல்லமுத்து. அவளிடம்தான் சொன்னார். "காலைல நானும் கூட்டிப் பாத்தேன். ஆப்பு ஒம்போது அறுவதுங்குது. நமக்குத்தான் வயசாயிப்போச்சு, வேற ஏதோ கணக்கு போலன்னு இருந்துட்டேன்."

"உங்க கூட்டல்தான்பா சரி."

"இப்பச் சொல்லி என்ன? யாரு நம்புவா? காலைல நான்தான் வீடு வீடாப் போயி ஒண்ணும் பயமில்லன்னு சொன்னேன். போன மாசம் ஒரு தடவ சும்மா சங்கு ஊதி, ராத்திரி பூரா ஃபேக்டரியில நனைஞ்சுகிட்டுக் கெடந்தாக. இனிமே சிவப்பு வராம ஒருத்தரும் அசைய மாட்டாக. மேனேஜரும் தொறக்க மாட்டாரு. இந்தா, அந்தத் தம்பியே இங்கதான் நிக்கிறான், பேசு."

கோகுல்நாத்துக்கு விஷயம் சொன்னதும் மூச்சு இரைப்பது இந்தப் பக்கம் கேட்டது.

"அக்கா, அப்ப நான் இவங்களை... நானே கொண்டாந்து..."

"தம்பி, அதை அப்புறம் பேசலாம். புதுசை எடுத்து வச்சு ஆப்பை மாத்த முடியுமா?"

"லேப்டாப் நெடுங்கண்டத்துல இருக்குக்கா. வழியில மரம் விழுந்து கெடக்கு. இங்க நெட்டும் இல்ல. இந்த போன்ல பேச்சும் மெசேஜும் மட்டும்தான் போகுது."

மெசேஜ் போகிறது. மோனிஷா கண்ணை மூடிக்கொண்டு தான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எட்டு மணி அளவுக்குப் பிறகு அதே நாளில் இன்னோர் அளவு வந்தால்? அது அன்றைய கட்டத்துக்கே போகும். யாரும் அப்படி அளக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே எழுதி வைத்த வரி அது. வியாழன் கட்டத்தில் ஏதாவது விழுந்தால் போதும். இன்னும் இரண்டு இஞ்சு நாற்பது சென்ட். அதற்கு மேலே ஒரு சென்ட் இருந்தாலும் சிவப்பு.

"அப்பாகிட்டக் குடு தம்பி." குரலைத் திடப்படுத்திக்கொண்டாள். "அப்பா, இப்பவே உங்க போன்லேருந்து ஒரு மெசேஜ் அனுப்புங்க. மூணு இஞ்சுன்னு. அனுப்பின ஒடனே சிவப்பாயிரும்."

"அளக்காமயா?"

"நேரமில்லப்பா."

"அளக்காம மூணு இஞ்சுன்னு எழுதச் சொல்ற."

அந்த நோட்டில் பொய்யாக ஒரு சென்ட் எழுதியதில்லை என்பதுதான் அந்த மனுஷனின் மொத்தச் சொத்து. ஒரு காலத்தில் பெரிய துரை ஒருத்தர் வறட்சி நிவாரணத்துக்காக மழையைக் குறைத்து எழுதச் சொன்னபோது மாட்டேன் என்று நின்று, கிளார்க் வேலையை விட்டுக்கொடுத்தவர். அவரிடம் போய், அதுவும் அவள், இதைக் கேட்கிறாள்.

"இருநூறு பேரு இருக்காங்கப்பா" என்றாள் கடைசியில்.

மறுபக்கம் அழகுத்தாயின் குரல், "ஏங்க, எங்க போறீக? இந்த மழையில? ஏங்க!" என்று கத்தியது. "என் போனையும் கையோட எடுத்துட்டு..." என்பதோடு லைன் போய்விட்டது.

மோனிஷா லேப்டாப் முன்னால் அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பழனாத்தாள் அவள் முதுகில் கையை வைத்தவள் எடுக்கவேயில்லை. பூபதிராஜா மற்றப் பதின்மூன்று இடங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, தன் கொங்குத் தமிழில், "ஏனுங்க, மஞ்சள நம்பாதீங்க, மழைய நீங்களே கூட்டிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சில பேர் கேட்டார்கள். ஒருவர் திட்டினார். சென்னிமலை வாசலில் நின்று தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் மோனிஷா முதலில் நினைத்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு பேச வந்தவரைப் பொய் எழுதச் சொல்லித் துரத்திவிட்டேனே என்று உள்ளுக்குள் அரற்றினாள். கடிகாரம் ஒன்று ஐந்தைத் தாண்டியது. ஒன்று பத்து.

ஒன்று பன்னிரண்டுக்கு வட்டம் சிவப்பானது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிவப்புத்தான். பக்கத்தில் எண் மாறியிருந்தது. அவள் சொன்ன மூன்று இஞ்சு இல்லை. வியாழன் கட்டத்தில் நான்கு இஞ்சு எழுபது சென்ட் இருந்தது.

"சிவப்பு வந்துருச்சு அத்தை!" என்று கத்தினாள். பழனாத்தாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

அதே நேரத்தில் போன் அடித்தது. அப்பாவின் எண். நாலு வருஷத்தில் அந்த எண்ணிலிருந்து வந்த முதல் அழைப்பு.

"அளந்துட்டேன்" என்றார். மழையில் கத்த வேண்டியிருந்தது. "எட்டு மணிக்குப் பெறகு அஞ்சு மணி நேரத்துல நாலு எழுவது. பொய்யா எழுதலத்தா. எழுதவேண்டிய அவசியமே இல்ல."

ஆத்தா என்று கூப்பிட்டார். போனில் அவர் குரலுக்குப் பின்னால், கீழே எங்கோ, எஸ்டேட் சங்கு ஊத ஆரம்பித்தது. ஆட்கள் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தமும் சன்னமாகக் கேட்டது.

"கெளம்பிட்டாங்களாப்பா?"

"கெளம்புறாக. இங்கேருந்தே தெரியுது. கோகுல்நாத்து முன்னால போறான். உங்கம்மா கோழியத் தூக்கிட்டு ஓடுறா." சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா என்று தெரியவில்லை. "ஆனா ஒண்ணு. இந்த நாலு எழுவதும் முழு அளவு இல்ல. இதுக்கு மேலதான் பெஞ்சிருக்கணும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"மழைமானி சாஞ்சு நிக்குது. சாஞ்சா வாய் திரும்பிரும், தண்ணிய முழுசாப் பிடிக்காது."

"காத்துலயாப்பா?"

"காத்துக்குச் சாயாது. கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வச்சு நட்டது. கான்கிரீட்டோட, அடியில இருக்கிற மண்ணோட சேந்து சாஞ்சிருக்கு." அவர் குரல், கணக்கை ஒப்பிக்கும்போது வரும் அதே நிதானக் குரல். "காலைல எட்டு மணிக்கு நான் பாக்கையில நேராத்தான் இருந்துச்சு."

மோனிஷா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்பா, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"அதுக்குப் பக்கத்துலதான்" என்றார் நல்லமுத்து.